நுரைக்கும் முட்டி

சப்ரகமுவ மழைக்குத் திராட்சைக்கொடி சரிவராது. எங்கள் பக்கத்தில் நுரைப்பது கித்துள் மரத்துக் கள்ளு. கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலைக்குப் பெயர் கொடுத்ததே இந்த மரம்தான். 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் படம் எடுத்த ஊர் என்பார்கள் வெளியூர்க்காரர்கள். எனக்கு அது கள்ளு ஊர்.

தேயிலை மலைக்குக் கீழே ஒரு சிங்களக் குடும்பம். ஐயா மரம் ஏறுவார், அம்மா பாணி காய்ச்சுவார். பாளையைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவவேண்டும். தடித்துச் சீவினால் பாளை வீண். பாணிக்கான முட்டியில் ஹல் மரப்பட்டை போடுவார்கள், புளிக்காமல் இருக்க. கள்ளு முட்டிக்கு அந்தக் காவல் இல்லை.

இறக்கியவுடன் முட்டியில் காதை வையுங்கள். தாளிதம் அடங்குகிற மாதிரி மெல்லப் பொரியும். காற்றிலிருக்கும் ஈஸ்ட் சீனியைத் தின்று விடுகிற கரியமில வாயு அது. ஷாம்பெயினிலும் அதே வாயுதான். அங்கே போத்தலுக்குள் அடைத்துப் பிடிக்கிறார்கள். இதை இறுக்கி மூடினால் போத்தல் வெடிக்கும்.

முட்டியில் விழுந்து செத்த தேனீக்களைத் துணியில் வடித்து, கள்ளைச் சிரட்டையில் ஊற்றினார்கள். முதலில் மூக்கில் சுருக்கென்றது, பிறகு இனிப்பு, கடைசியில் லேசான புளிப்பு. பின்னேரம் வந்திருந்தால் புளிப்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

கித்துள் உச்சியில் முதல் பாளை விடும். பிறகு ஒவ்வொன்றாகக் கீழிறங்கும். அடிப்பாளை முடிந்தால் மரமும் முடிந்தது. ஐயா ஏறும் மரத்தில் பாளை இப்போது பாதி உயரத்துக்கு வந்துவிட்டது.