மூலக்கொத்தளத்திலிருந்து எண்ணூர் வரை: நண்பரோடு இரண்டு நாள்

விடுமுறை என்றதும் பாங்காக்கையும் சிங்கப்பூரையும் நினைக்கும் சென்னைவாசிகள், அந்நகரங்களில் தாங்கள் தேடிச் சென்று படமெடுக்கும் விடியற்காலை மீன் ஏலம், தெருவோர நூடுல்ஸ் கடை, துறைமுகத்தை ஒட்டி அடுத்தடுத்து நிற்கும் பல சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் ஆகியவை சென்ட்ரல் நிலையத்துக்கு வடக்கே சில கிலோமீட்டருக்குள்ளாகவே இருப்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கத்தியும் ரவுடியுமாகத் திரைப்படங்கள் காட்டிப் பழக்கிய வடசென்னை இதற்கு ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அப்பகுதி பார்வையாளருக்காக அமைக்கப்பட்டதன்று என்பதே. சுற்றுலாத் தலங்கள் வருவோருக்காகக் காத்திருக்கின்றன. வடசென்னையோ தன் வேலையில் மூழ்கியிருக்கிறது. எனவே அதை ரசிக்க விரும்புவோர், எந்த வேலை எந்த நேரத்தில் நடக்கிறது என்பதை அறிந்து அந்த நேரத்துக்குச் செல்லவும், சென்ற இடத்தில் வேலை செய்பவருக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கவும் கற்றுக்கொண்டால், பாதி ரசனை கைகூடிவிடும்.

இதற்கு இருவர் என்பதே சரியான எண்ணிக்கை. நான்கைந்து பேர் சேர்ந்தால் அது கூட்டமாகி, மீன் கூடை சுமந்து வருபவரின் வழியை மறிக்கும். தனியாகச் செல்பவருக்கோ தாம் பார்க்க நினைத்து வந்ததை மட்டுமே பார்த்துத் திரும்பும் அபாயம் உண்டு. இருவரில் ஒருவர் கட்டடங்களைப் பார்ப்பவராகவும் மற்றவர் மனிதர்களோடு பேச்சுக் கொடுப்பவராகவும் அமைந்து, கண்டதைப் பற்றி இருவரும் ஓயாமல் வாதிடுவார்களானால் பயணம் இன்னும் சிறக்கும்.

தொடக்கத்துக்கு மூலக்கொத்தளத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கொத்தளம் என்பது கோட்டை மதிலிலிருந்து வெளிநோக்கித் துருத்தி நிற்கும், பீரங்கி வைப்பதற்கான அமைப்பாகும். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி மதராஸை முற்றுகையிட்டதும், அடுத்த பத்தாண்டில் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் விளிம்புவரை வந்து சென்றதும் கிழக்கிந்தியக் கும்பினியாரை அச்சுறுத்தவே, கறுப்பர் நகரம் என்று அவர்கள் அழைத்த இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பப்பட்டது. அதன் செலவை நகரவாசிகளிடமிருந்தே வரியாக வாங்கிவிட அரசு முனைந்து எதிர்ப்பினால் கைவிட்ட கதையின் மிச்சமே வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர். வசூலாகாத வரி ஒன்று இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பெயர்ப்பலகையில் நின்றுகொண்டிருப்பது வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத வேடிக்கை.

மதிலின் எஞ்சிய துண்டு ஒன்று பழைய சிறைச்சாலைச் சாலையில், மேலே பூங்கா அமைந்திருப்பதால் மாடிப்பூங்கா என்று வழங்கும் இடத்தில் இருக்கிறது. அதை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். மதில் ஓடிய தடத்தில் நடப்பதுதான் அதை ரசிக்கும் முறை. மேற்கே வால்டாக்ஸ் சாலை, வடக்கே பழைய சிறைச்சாலைச் சாலை என்று நடந்தால், மதிலுக்கு உட்புறமாக இருந்த சவுகார்பேட்டைப் பக்கம் நெருக்கமான தெருக்களும் மொத்த வியாபாரமும், வெளிப்புறமாக இருந்த வண்ணாரப்பேட்டைப் பக்கம் கும்பினியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் பெயரைத் தாங்கிய உழைப்பாளர் குடியிருப்புகளுமாக, மறைந்துபோன மதிலின் இருபக்கமும் இன்றும் வெவ்வேறாகவே இருப்பது புலப்படும்.

மூலக்கொத்தளத்தின் பெயர் தமிழ்நாட்டு வரலாற்றில் நிலைத்திருப்பது அங்குள்ள சுடுகாட்டினால். 1938இல் ராஜாஜி தலைமையிலான மாகாண அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியதை எதிர்த்துச் சிறை சென்று, 1939 ஜனவரியிலும் மார்ச்சிலும் அடுத்தடுத்து உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் இங்குதான் அடக்கம் செய்யப்பட்டனர். கட்டாய இந்தி ஆணை 1940இல் திரும்பப் பெறப்பட்டது. ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தை வழங்கிய 1938ஆம் ஆண்டுப் பெண்கள் மாநாட்டை நடத்தியவர்களுள் முதன்மையானவரான டாக்டர் தருமாம்பாளின் நினைவிடமும் இதே வளாகத்தில் உள்ளது. எழும்பூரில் அரசு மாளிகை ஒன்று தாளமுத்து நடராசன் பெயரால் அழைக்கப்படுகிறது. அதனுள் நாள்தோறும் நுழைந்து வெளியேறுவோரில் எத்தனை பேர் மூலக்கொத்தளத்துக்கு வந்திருப்பார்கள் என்பது கேட்கத்தக்க கேள்விதான். இன்றும் சவ ஊர்வலங்கள் வந்துசேரும் இடம் அது. பறையொலி நெருங்குமானால் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதே அங்கு வந்தவர் செய்யவேண்டியது.

அங்கிருந்து ராயபுரம் நோக்கி நடக்கும் வழியில் ஸ்டான்லி மருத்துவமனை வரும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்க்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்தது அது என்பதை, 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று முதியவர்கள் சொல்லும் பெயரே காட்டிக்கொடுக்கும். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவும் இப்பகுதியிலேயே உள்ளது.

ராயபுரம் ரயில் நிலையத்தில் சற்று நேரம் செலவிட வேண்டும். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஆற்காட்டை அடுத்த வாலாஜா ரோடு வரை புறப்பட்டது இங்கிருந்துதான். அதற்கு முன்னரே ரயில் கண்ட மும்பையிலும் தானேயிலும் அக்காலத்து நிலையக் கட்டடங்கள் எஞ்சாததால், இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களுள் இதுவே மூத்தது. முகப்பின் உயர்ந்த தூண்களைப் பார்த்து வியப்பதோடு நிறுத்திவிடாமல், ரயில் பாதை துறைமுகத்தின் அருகிலிருந்து ஏன் தொடங்கியது என்று நண்பர்கள் தம்முள் கேட்டுக்கொண்டால், உள்நாட்டுச் சரக்கைக் கப்பலுக்குக் கொண்டுவரும் பொருளாதாரம் முழுவதும் அக்கேள்வியிலேயே விரியும். அருகிலுள்ள ராயப்பர் தேவாலயம் கடலோரப் படகுத் தொழிலாளர் சமூகம் எழுப்பியது. பேதுருவின் தமிழ்ப் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. சற்றுத் தள்ளி, மகனை இழந்த பார்சி வணிகர் ஒருவர் அவன் நினைவாக எழுப்பி 1910இல் திறக்கப்பட்ட அக்கினிக் கோயில் இருக்கிறது. பிற சமயத்தாருக்கு உள்ளே அனுமதி இல்லை; வெளியே நின்று பார்ப்பதோடு நிறைவடைய வேண்டும்.

முதல் நாள் இரவு விரைவில் உறங்குவது அவசியம், ஏனெனில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் விடியும்வரை காத்திராது. கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகுகள் நள்ளிரவுக்குப் பின் கரை சேர, இருட்டிலேயே ஏலம் தொடங்கிவிடும். ஏலக்காரர் விலையைக் கூறும் வேகம் புதியவருக்கு ஓசையாக மட்டுமே கேட்கும். அப்போது மீனைப் பாராமல் வாங்குவோரின் முகத்தைப் பார்ப்பது பயன்தரும். தலையசைப்பும் கண்சாடையுமாக ஒரு கூடை கைமாறுவதையும், மொத்தமாக எடுத்த பெண் வியாபாரிகள் அதே இடத்தில் அதைக் கூறு கட்டி, அதாவது சிறு குவியல்களாகப் பிரித்து, விற்கத் தொடங்குவதையும் கவனித்தால், ஒரு மீன் நூறு மீட்டருக்குள் எத்தனை விலை பெறுகிறது என்பது விளங்கும். வஞ்சிரத்தின் மீதே எல்லாருடைய கண்ணும் இருக்கும். சங்கராவையும் கானாங்கத்தையையும் நெத்திலியையும் நாடுவோரே மீன் தின்னத் தெரிந்தவர்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு. செவுளைத் தூக்கிப் பார்த்து நிறம் சிவந்திருக்கிறதா என்று சோதிப்பது வாங்குபவரின் உரிமை. வாங்கும் எண்ணமின்றி மீனைத் தொட்டுப் புரட்டினால் வடசென்னைத் தமிழின் முழு வளத்தையும் இலவசமாகக் கேட்க நேரிடும்.

அதற்கு முன், முதல் நாள் மாலையிலேயே அத்தோ உண்ண வேண்டும். பர்மாவில் 1962இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்களது பிழைப்புக்கு வழியாகக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே உருவானதே பர்மா பஜார். அதைச் சுற்றிய தெருக்களிலும் வடசென்னையின் குடியிருப்புகளிலும் அவர்கள் தள்ளுவண்டியில் விற்ற உணவே அத்தோ. தடித்த செம்மஞ்சள் நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், வெங்காயம், எண்ணெயில் வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் சேர்த்து, பேஜோ எனப்படும் மொறுமொறுப்பான பருப்புத் தட்டையை நொறுக்கிப் போட்டு, அடுப்பின்றிக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வரும். அதே சூப்பை நூடுல்ஸின் மீது ஊற்றித் தந்தால் அது மொய்ங்கா. புளிப்பு, காரம், மொறுமொறுப்பு ஆகியவை ஒன்றையொன்று மிஞ்சாதபடி பிசைபவரின் கையளவில் இருக்கிறது அத்தோவின் சுவை. நண்பர்கள் ஒரே கடையில் இரண்டு தட்டு வாங்குவதைவிட இரண்டு கடைகளில் ஒவ்வொன்று வாங்கிப் பகிர்ந்தால் அது நன்கு புலனாகும். பேஜோ ஊறிவிடுமாதலால் படம் எடுப்பதற்காகக் காக்க வைக்கக்கூடாது.

அன்று இருட்டியபின் புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்துத் தெருக்களில் கேரம் பலகையைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைக் காணலாம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இப்பகுதியில் ஆடிப் பழகியவர். இங்கே பொழுதுபோக்கு என்று எண்ணி வெளியூர்க்காரர் ஆட உட்காருவது துணிச்சலான செயல்.

இரண்டாம் நாள், காசிமேட்டு ஏலத்துக்குப் பின், மெட்ரோ ரயிலில் திருவொற்றியூர் செல்லலாம். தியாகராசர் கோயிலின் மூலவரான ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடப்பட்டு, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டுமே திறந்த திருமேனியாகக் காட்சி தருகிறார். சுந்தரர் சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று மகிழமரத்தடியில் சூளுரைத்து, பின் அதை மீறிப் பார்வை இழந்த கதை நடந்த தலமும் இதுவே. கருவறையின் பின்புறம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் பின்பகுதியை ஒத்திருக்கும். இவ்வமைப்புக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் சதுரானன பண்டிதர் என்பவரின் சொற்படி ரவி என்னும் சிற்பி இதைக் கருங்கல்லில் கட்டியதைக் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. கட்டியவனின் பெயர் கிடைக்கும் கோயில்கள் மிகச் சிலவாகையால், சுற்றிவரும்போது அந்த வளைவில் சற்று நின்று பார்ப்பது தகும்.

எண்ணூரில் ரசனைக்கு வேறொரு பயிற்சி தேவைப்படுகிறது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இம்முகத்துவாரம், பதினெட்டாம் நூற்றாண்டில் மதராஸ் வெள்ளைக்காரர்கள் வீடு கட்டி ஓய்வெடுக்க வந்த உல்லாச ஊர் என்பதை இன்று எவரும் நம்பமாட்டார்கள். அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்த ஓடையும், 2017இல் இரு கப்பல்கள் மோதியதாலும் 2023இல் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடும் பரவிய எண்ணெயின் தழும்புகளும், அவற்றுக்கு நடுவே இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களும் ஒரே பார்வையில் தென்படுவர். புகைபோக்கிகளின் பின்னணியில் சூரியன் மறைவது படத்துக்கு அழகாக அமையும் என்பதற்காக அங்கு செல்வோர் உண்டு. அந்த அழகை மறுக்கவேண்டியதில்லை, ஆனால் நீரில் நிற்பவரிடம் இன்று என்ன கிடைத்தது, பத்தாண்டுக்கு முன் என்ன கிடைத்தது என்று கேட்டறியாமல் எடுத்த படம் பாதிப் படமே. இங்கு பேச்சுக் கொடுக்கத் தெரிந்த நண்பர் முன்னால் செல்வது நல்லது.

பயணத்துக்கு உகந்த காலம் கார்த்திகை முதல் மாசி வரை. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் கொருக்குப்பேட்டையும் வண்ணாரப்பேட்டையும் நீரில் நிற்குமாதலால் வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. எனினும் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் சிறிதளவு மீன் வந்துகொண்டுதான் இருக்கும். கரையேற்றிய விசைப்படகுகளுக்கு வண்ணம் பூசி, வலை பின்னி, எந்திரத்தைப் பிரித்துச் சீர்செய்யும் வேலை பகல் முழுவதும் நடப்பதால், இருட்டில் எழ இயலாதவர்கள் காசிமேட்டுக்கு அந்த இரு மாதங்களில் செல்லலாம்.