விதை வங்கி என்ற சொல்லும் கோடியக்கரைக் காடும்

வறண்ட காடுகளில் மரமும் புதரும் மண்ணுக்குள் கிடக்கும் விதைகளை எப்படி மாற்றுகின்றன என்று ஓர் ஆய்வு வகை இருக்கிறது. முறை ரொம்ப எளிது. மரத்தடி, புதரடி, வெட்டவெளி என்று தனித்தனியாக மேல்மண்ணை அள்ளி, தட்டில் பரப்பி, தண்ணீர் தெளித்து, சில மாதம் என்னென்ன முளைக்கிறது என்று எண்ணுவார்கள். இதற்கு 'மண் விதை வங்கி' என்று பெயர். எண்ணுவதில் எனக்குக் குறையில்லை. வங்கி என்ற சொல்தான் உறுத்துகிறது. இருப்பு நிறைய இருந்தால் காடு தானாகத் திரும்பிவிடும் என்று நம்மைப் படிக்க வைப்பது அந்தச் சொல்.

டெல்டாக்காரர்களுக்கு இதில் உள்ள வித்தியாசம் புதிதில்லை. கொழுஞ்சியை ஒருமுறை வயலில் விதைத்தால் போதும். அறுவடைக்குப் பின் வருடா வருடம் தானே முளைக்கும். தோல் கடினம், காத்திருக்கத் தெரிந்த விதை. இலுப்பை, வேம்பு அப்படி இல்லை. விழுந்த கையோடு ஊன்ற வேண்டும், இல்லையென்றால் முளைப்புத்திறன் போய்விடும். முதல் ரகத்துக்கு மண் ஒரு வங்கி. இரண்டாவது ரகத்துக்கு வெறும் திண்ணை, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற இடம்.

இப்போது கோடியக்கரைக்கு வருவோம். 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த ஊர், பிறகு நாகப்பட்டினத்தோடு போனது. 1967ல் சரணாலயம் ஆனது. வெளிமானுக்காகவும் பறவைக்காகவும் போகிறவர்கள் காட்டை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. சோழமண்டலக் கரையில் மிச்சமிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில் இது ஒன்று. பாலை, வீரை, காசா, உகா, காட்டெலுமிச்சை, களா. பெரும்பாலும் சதைப்பற்றுள்ள பழங்கள். சின்னான், மைனா, குயில், நரி என்று யாராவது தின்று போட்டால்தான் விதை நகரும். பறவை வெட்டவெளியில் உட்காராது. புதரில் உட்காரும், எச்சமிடும். கீழே நிழல், ஈரம், சருகு. மேலே களாவின் முள், மேய வரும் மாடும் மட்டக்குதிரையும் கன்றைத் தொடாமல் காக்க. ஆக புதரடி மண்ணில் விதை இருப்பதற்கு முக்கியக் காரணம் மண்ணே இல்லை, கிளையும் அதில் வந்து உட்கார்ந்த பறவையும்தான்.

எத்தியோப்பியாவின் வடக்கில் பழைய தேவாலயங்களைச் சுற்றி நம் கோயில் காடு மாதிரியே துண்டுக் காடுகள் உண்டு. அங்கே மண்ணைச் சோதித்து 2006ல் வந்த ஆய்வு ஒன்று சொன்னது இதைத்தான்: தலைக்கு மேல் நிற்கும் மரங்களில் பலவற்றின் விதை மண்ணில் தேங்குவதில்லை. மரத்தை வெட்டினால் வாரிசு கீழே காத்திருக்காது.

காத்திருப்பது வேறு ஆள். சீமைக்கருவேலம். காயின் இனிப்புக்காக ஆடு, மாடு, குதிரை தின்று, சாணத்தோடு விதைத்துவிட்டுப் போகும். கடின விதை, வருடக்கணக்கில் கிடக்கும். அதன் பக்கத்தில் தகரை மாதிரியான செடிகளின் விதையும் சேர்ந்தால் தட்டில் எண்ணிக்கை அழகாகவே வரும். 'பன்மை அதிகம்' என்று எழுதிவிடலாம். அதில் பாலை ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். பாலை கோடையில் பழுக்கிற மரம். தை மாதம் அள்ளிய மண்ணில் அதைத் தேடி என்ன பயன்? எந்த மாதத்து மண், எந்த ரக விதை என்று பிரிக்காத அட்டவணையை நான் நம்புவதில்லை.

இது வெறும் கல்லூரிச் சண்டை இல்லை. 2017ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஜேசிபிதான் பல இடங்களில் முதலில் வந்தது. ஜேசிபிக்குக் களாவும் கருவேலமும் ஒன்றுதான். புதர் முழுக்கப் போனால் பறவை உட்கார இடம் போச்சு, அதோடு விதை வரத்தும் நின்றது. மண்ணைப் புரட்டியதில் அடியில் கிடந்த கருவேல விதைக்கு வெளிச்சமும் ஈரமும் கிடைத்தது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது காட்டிலேயே ஏராளமான மரங்கள் சாய்ந்தன. புதிதாகத் திறந்த அந்த வெளிச்சத்துக்கு அடியில் யாருடைய விதை கிடந்தது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முப்பது வருடம்.

கருவேலத்தை விட்டுவைக்கச் சொல்லவில்லை. கோடியக்கரை மாதிரி இடத்தில் துண்டு துண்டாக எடுக்கலாம், உகாவையும் களாவையும் கையால் ஒதுக்கி நிறுத்தலாம். செலவு கூடும், புகைப்படத்துக்கும் நன்றாக இருக்காது. ஆய்வு செய்கிறவர்கள் மண் தட்டோடு சேர்த்து, புதருக்கடியில் ஒரு துணி விரித்து வருடம் முழுக்க மேலிருந்து விழுவதையும் எண்ணினால் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்படி ஒரு அட்டவணை கோடியக்கரைக்கு வந்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.