மலையும் வழி சொல்பவனும்

மலை ஏறிவிட்டு வந்து எழுதுகிறவர்கள் தமிழில் பெருகிவிட்டார்கள். இந்தக் கட்டுரைகளில் ஏழெட்டை அடுத்தடுத்துப் படித்தால், ஏறியது ஒரே மலையோ, ஏறியவரும் ஒரே ஆளோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. நண்பர்கள் நால்வர், இரவு பஸ், பருவமழை, அட்டைக்கடி, மூடுபனி, மூச்சிரைப்பு, கடைசியில் உச்சி. உச்சியில் எழுதுகிறவர் தன்னைத் தானே கண்டுகொள்கிறார். மலை வால்பாறைப் பக்கம் இருந்தாலும் அகும்பேயில் இருந்தாலும் அதற்கு விதிக்கப்பட்ட காரியம் ஒன்றுதான்: வந்தவரின் அகத்தை அவருக்கே எடுத்துக்காட்டுவது. நிலைக்கண்ணாடிக்கு ஊர் பேர் எதற்கு?

இதை வியாபாரப் பத்திரிகைகளின் நோய் என்று ஒதுக்கி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் சிற்றேடுகளின் கவிதைகளிலும் மலை பெரும்பாலும் இதே உத்தியோகத்தைத்தான் பார்த்து வருகிறது. பனி என்றால் தனிமை, சரிவு என்றால் மரணம், உச்சி என்றால் மௌனம். படிமம் என்ற பெயரில் ஒரு சில்லறை அகராதி நம்மிடையே புழங்குகிறது. கவிஞன் மலைக்குப் போகாமலே இந்த வரிகளை எழுதிவிட முடியும் என்பது ஒரு பக்கம். போய் வந்தவனும் இதையேதான் எழுதுகிறான் என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

மழைக்கால மலை தமிழுக்குப் புதிய விஷயம் இல்லை. குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். அதாவது மழை, குளிர், நடுநிசி, மலைப்பாதை எல்லாம் ஒன்றாகக் கூடிய ஒரு நிலைமையைத்தான் நம் முன்னோர் காதலின் முதல் களமாக வைத்தார்கள். அந்த மலையை நாம் அழகாகவே நினைவு வைத்திருக்கிறோம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடி கொண்டது. அதில் வரும் 99 பூக்களின் பட்டியலைத் தமிழ் படித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதே பாட்டின் இறுதியில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. இரவில் மலை வழியே வருகிறவனுக்கு எவையெவை கேடு செய்யும் என்ற பட்டியல் அது. புலி, கரடி, யானை, பாம்பு, இடி, முதலை, வழுக்கு நிலம். தலைவி அவற்றை ஒவ்வொன்றாக நினைத்துக் கலங்குகிறாள் என்று தோழி செவிலியிடம் சொல்கிறாள். மழைமலையின் பாதை அந்தப் பாட்டுக்குள் நுழைவது வேறொருவன் அதில் நடந்து வரவேண்டியிருப்பதால்தான்.

மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளில் கணிசமான பகுதி வழி சொல்வதிலேயே கழிகிறது. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்குப் பாதையைச் சொல்கிறான். பன்றிகளுக்குப் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே விடிந்த பிறகு போங்கள். தினைப்புனக் காவலர் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். ஆழமான மடுவின் ஓரம் வழுக்கும், ஒருவரை ஒருவர் காத்துக் கடந்துபோங்கள். பாசி மூடிய இடத்தில் கால் தளரும், அங்கேயே முளைத்திருக்கும் மெல்லிய தண்டுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் குடியிருப்பில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது வரைக்கும் இந்தப் பேச்சு போகிறது. வினைமுற்றுகளில் பல ஏவலாகவும் பன்மையாகவும் இருக்கின்றன. முழுக்க முன்னிலையில் நடக்கும் பேச்சு. சொல்கிறவன் மலையைக் கடந்தவன். ஆனால் கடந்த பெருமையைப் பற்றி அவன் வாய் திறப்பதில்லை. உச்சி என்ற ஒன்றே அவன் பேச்சில் முக்கியமில்லை.

இங்கிலீஷ் பி.ஏ.க்காரனுக்கு இந்த இடத்தில் வேர்ட்ஸ்வொர்த் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. 1790இல் ராபர்ட் ஜோன்ஸ் என்ற நண்பரோடு கால்நடையாக ஆல்ப்ஸைக் கடக்கப் போனவர், ஸிம்ப்ளன் கணவாயில் வழி தவறுகிறார். எதிர்ப்பட்ட ஒரு குடியானவன், இனி ஓடையோடு கீழே இறங்க வேண்டியதுதான் என்கிறான். ஆல்ப்ஸை ஏற்கெனவே கடந்தாகிவிட்டது என்று அப்போதுதான் இவர்களுக்குப் புரிகிறது. ‘ப்ரெலூட்’ ஆறாம் பாகத்தில் இதைச் சொன்ன கையோடு கவிஞர் குடியானவனை விட்டுவிட்டுத் தம் கற்பனா சக்தியை விளித்துப் பாடத் தொடங்கிவிடுகிறார். மகத்தான பகுதிதான், சந்தேகமில்லை. ஆனால் வழி சொன்னவன் சில வரிகளில் மறைந்துபோனான். நம் மலைக் கட்டுரைகளும் மலைக் கவிதைகளும் அந்தப் பகுதியின் மிக மெலிந்த நகல்கள் என்று எனக்குப் படுகிறது. வேர்ட்ஸ்வொர்த்தின் கற்பனை மட்டும் நகலில் விழவில்லை. குடியானவன் மறைந்தது அச்சாக விழுந்திருக்கிறது.

ஓர் ஐப்பசியில் நாங்கள் நான்கு பேர் பர்வதமலை ஏறினோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் இந்த மலையைத்தான் மலைபடுகடாம் கூறும் நவிரமலை என்று கருதுகிறார்கள். நால்வரில் ஒருவர் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர், மீனவக் குடும்பம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. யாரும் கேட்காமலே அவர் முன்னால் போனார். ஒவ்வொரு பத்தடிக்கும் திரும்பிப் பார்த்து ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார். “அண்ணா, அந்தக் கல்லு வேணாம், பாசி கீது. இப்பிடி வந்து வேரப் புடிச்சிக்க.” மலைபடுகடாம் அவர் படித்ததில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்டேன். படகு அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போது முன்னால் இருக்கிறவன் பின்னால் இருக்கிறவனுக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் இரண்டு பேருமே தண்ணீரில்தான் என்றார். எலியட்ஸ் பீச்சுக்குக் காற்று வாங்க வருகிறவர்களுக்குக் கடல் ஒரு காட்சி. சற்று வடக்கே, அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கும் அந்தக் குப்பத்தில் அது போய்த் திரும்ப வேண்டிய வழி. வாடைக் காற்றில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அங்கே ஒருவர் தெரிந்து மற்றவருக்குச் சொல்லும் சங்கதி.

எங்களில் இன்னொருவர் இந்தப் பயணத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினார். நல்ல நடை. மேகம் இருந்தது, மௌனம் இருந்தது, உச்சியில் நகரத்தின் அற்பத்தனம் பற்றிய ஒரு ஞானமும் இருந்தது. பாசிக் கல் இல்லை. குப்பத்து நண்பர் ‘உடன் வந்த நண்பர்கள்’ என்ற பன்மைக்குள் போய்விட்டார். வேண்டுமென்று செய்ததல்ல, அந்த எழுத்து வகைக்கு அவரை வைக்க இடம் தெரியவில்லை.

இலக்கியத்தை வழிகாட்டிப் பலகையாக்கச் சொல்கிறாயா என்று கேட்கலாம். மலைபடுகடாமே இதற்குப் பதில். மலையை ஒரு யானையாகவும், அதில் எழும் பலவித ஓசைகளை அதன் மதநீராகவும் கண்ட கற்பனைதான் அதன் தலைப்பு. அருவியிலிருந்து புனங்காப்போர் குரல் வரை அத்தனை சத்தங்களையும் பிரித்துக் கேட்ட அந்தக் காது, எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று கவனித்த கண்ணுக்குச் சொந்தக்காரனுடையதுதான். கவனம் ஒன்றுதான், அழகுக்கு ஒன்று, ஆபத்துக்கு ஒன்று என்று அவன் இரண்டு வைத்திருக்கவில்லை. நவீன காலத்திலும் இதற்குச் சான்றுகள் இருக்கின்றன. பி. எச். டேனியல் 1969இல் இங்கிலீஷில் எழுதி, இரா. முருகவேள் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கிய நாவலில் வரும் ஆனைமலை மழையைப் படித்துவிட்டு, இன்றைய வால்பாறைக் கட்டுரை ஒன்றைப் படித்தால் போதும். அதே மழைதான். நாவலில் அது தேயிலைக் கூலிகளின் எலும்பில் இறங்குகிறது. கட்டுரையில் ஜன்னல் கண்ணாடியில் வழிகிறது. டேனியல் தோட்டத்தில் டாக்டராக இருந்தவர். அவருக்கு மழை என்றால் காய்ச்சலும்தான்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் சென்னையிலிருந்து போனவர்கள். அது மழைக்காலமல்ல, கோடை தொடங்கும் காலம். என்றாலும் மலைக்கு ஒரு பொழுது உண்டு, அந்தப் பொழுதுக்கு ஒரு வழி உண்டு, அதை அறிந்தவர்கள் அங்கேயே வாழ்கிறார்கள் என்ற பழைய சங்கதி எவ்வளவு கனமானது என்று அன்று தெரிந்தது. அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை அறிவித்து, உள்ளூர் ஆட்களை, பழங்குடியினர் உட்பட, வழிகாட்டிகளாக வைத்தது. ஆக, பாதையில் வழி சொல்பவன் திரும்ப வந்துவிட்டான். நம் எழுத்தில் அவன் இன்னும் வரவில்லை.

அவனை ஒரு பாத்திரமாகச் சேர்த்து, இரண்டு வரி வட்டாரப் பேச்சும் கொடுத்துவிட்டால் போதாது. அதையும் நாம் லாகவமாகச் செய்துவிடுவோம். மாற வேண்டியது பேச்சின் திசை. எனக்குப் பின்னால் யாரோ ஏறி வருகிறார்கள் என்ற நினைப்போடு எழுதப்படும் வாக்கியமும், என்னை யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்போடு எழுதப்படும் வாக்கியமும் ஒன்றாக இருக்கவே முடியாது. முதல் வகை வாக்கியத்தில் கல்லும் வேரும் தாமாக வந்து சேர்ந்துவிடும். நம் கவிதையில் முன்னிலை என்பது வெகு நாளாகக் காதலிக்கும் கடவுளுக்கும் மட்டுமே ஆகிப்போனது. மலையில் பின்னால் வருகிறவனுக்கும் அதில் பங்கு உண்டு.