நீர்ச்சுழற்சிப் படத்தில் மனிதன் எங்கே?

கடல்நீர் ஆவியாகிறது; மேகம் மழையாகிறது; மழைநீர் ஆறாக ஓடுகிறது; ஒரு பகுதி நிலத்துள் இறங்குகிறது. பாடநூல்களில் நாம் காணும் இந்த நீர்ச்சுழற்சிப் படத்தின் அம்புக்குறிகள் சரியானவையே. ஆயினும் அதில் இரண்டு குறைகள் உள்ளன. ஏரிக்கும் கிணற்றுக்கும் உள்ள உறவு தெளிவாக இல்லை. மனிதன் அறவே இல்லை.

முதற்குறையைப் பார்ப்போம். மணலினூடே நீர் பாயும் விதியை 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி வெளியிட்டார். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குப் பாய்வதுபோல, நிலத்தடி நீர் உயர்மட்டத்திலிருந்து தாழ்மட்டத்தை நோக்கிப் பாய்கிறது. ஏரியின் மட்டம் உயர்ந்திருந்தால் ஏரி கிணற்றுக்கு ஊட்டும். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருந்தால் அது ஏரிக்கும் ஓடைக்கும் ஊற்றாகக் கசியும். ஆகவே அம்பு இருபுறமும் திரும்பக்கூடியது. அதைத் திருப்பும் வல்லமை மனிதனுக்கு உண்டு என்பதால் இரண்டாம் குறை இன்னும் பெரிதாகிறது.

ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகுநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேர்கிறது. இந்த ஏரிகளைச் சூழ்ந்த நிலத்தில் 1990களிலிருந்து சிப்காட் வளாகங்களும் கார்த் தொழிற்சாலைகளும் பெருகின. கூரையிலும் தார்ச்சாலையிலும் விழும் மழை, சேமிக்க வழி செய்யாவிட்டால், மண்ணுள் இறங்காமல் விரைந்து வடிந்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்றில் இறைக்க இறைக்க, அதைச் சுற்றி நீர்மட்டம் புனல்போல் தாழும். அந்தப் புனல் ஓடையை எட்டினால், ஓடைக்கு வரவேண்டிய ஊற்று நின்றுபோகும்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தின் மிகுநீர் அடையாற்று வெள்ளத்தோடு கலந்தது. 2019 கோடையில் அதே ஏரி வறண்டது. மழையின் மிகுதியும் குறைவுமே இவற்றுக்கு முதற்காரணம். ஆனால் நீரை ஏற்று மெல்லத் திருப்பித் தரும் ஆற்றலை நிலம் இழக்குமானால் இரண்டு துன்பங்களும் கடுமையாகும் அன்றோ?

நல்ல அம்பு ஒன்றும் உண்டு. சென்னையின் கழிவுநீரை கோயம்பேட்டில் தூய்மைப்படுத்தி, இப்பகுதித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் திட்டம் 2019இல் தொடங்கியது. அந்நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து சென்னைக் குழாய்க்குச் சென்ற நீரில் ஒரு பங்கு, இவ்வாறு புறப்பட்ட திசைக்கே திரும்புகிறது! எந்தப் பாடநூற் படத்தில் இதைக் காட்டியிருக்கிறார்கள்?

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. 450க்கும் மேற்பட்ட நீர்ச்சுழற்சிப் படங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஒரு கட்டுரை, ஏறத்தாழ 15 விழுக்காட்டுப் படங்களே மனிதனின் பங்கைக் காட்டுவதாகக் கூறியது. அமெரிக்க நிலவியல் அளவைத்துறை 2022இல் வெளியிட்ட புதிய படத்தில் அணை, பாசனம், நகரம், தொழில் யாவும் இடம்பெற்றன. வரவேற்கத்தக்க மாற்றம்தான்; எனினும் நம் ஏரிச் சங்கிலியை நாம்தான் வரைந்துகொள்ள வேண்டும்.

படம்தானே என்று விட்டுவிடலாகாது. தன் நிலத்தின் அடியிலுள்ள நீரைத் திரட்டிக்கொள்ளும் உரிமையை நிலவுடைமையாளருக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் ஏற்றது. ஏரி ஊருக்கு, அடிநீர் எனக்கு என்ற எண்ணம் இன்றும் நம்மிடம் நிலவுகிறது. இரண்டும் ஒரே நீர் என்று காட்டாத படம் அந்த எண்ணத்தை வளர்க்கிறது.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊர் ஏரியின் மட்டத்தையும் அருகிலுள்ள கிணற்றின் மட்டத்தையும் ஒரே அடையாளக் கல்லிலிருந்து தை மாதம் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை அளந்து பாருங்கள். அம்பு எத்திசையில் நிற்கிறது என்பது ஓரளவு விளங்கும். பிறகு பாடநூலைத் திறந்து, அந்த அம்பை நீங்களே பென்சிலால் வரையுங்கள்.