கூற்று யாருடையது? – அமிர்தா செர்கில் தீட்டிய தன்னுருவ ஓவியம்

அகப்பாடலொன்றை ஆராயப் புகுவார் முதற்கண் அஃது யார் கூற்று என வினவுவர். கூற்று மாறின் பொருளும் மாறும். பெண்ணுடலை இன்பப் பொருளாகத் தீட்டும் ஓவியங்கள்பாலும் இவ்வினாவை எழுப்புதல் வேண்டும் என்பது நம் கருத்து.

பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் 1891-ஆம் ஆண்டில், தம் நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தாகித்தித் தீவை அடைந்தார். அவர் 1899-இல் தீட்டிய 'இரு தாகித்தியப் பெண்கள்' என்னும் ஓவியத்தில் ஒருத்தி திறந்த மார்பின்கீழ்த் தட்டொன்றை ஏந்தி நிற்கின்றாள். தட்டிலுள்ளதும் உடலும் ஒருங்கே காண்போர்க்குப் படைக்கப்படுகின்றன. வண்ணச் சிறப்பை மறுப்பார் இலர். ஆயினும் ஆங்கு நிகழ்வது முற்றும் ஆண் கூற்றே.

சீக்கியத் தந்தைக்கும் அங்கேரியத் தாய்க்கும் 1913-இல் புடாபெசுட்டு நகரிற் பிறந்து, பாரிசில் ஓவியம் பயின்ற அமிர்தா செர்கில், 1934-இல் தம்மையே தாகித்தியப் பெண்ணாகத் தீட்டினார். ஈண்டும் மார்பு திறந்தே உள்ளது. ஆனால், கைகள் எதனையும் ஏந்தவில்லை. அவை ஒன்றன்மேல் ஒன்றாக இடைக்குக் கீழே படிந்துள்ளன. கண்கள் காண்போரைத் தவிர்த்து வேறெங்கோ நோக்குகின்றன. முகத்தில் அழைப்பு இல்லை. பின்புறத்தே ஆணொருவனின் நிழல் வீழ்ந்துள்ளது. கோகன் ஓவியத்திற்குப் புறத்தே மறைந்துநின்ற நோக்குவோன், இங்கே ஓவியத்துள்ளேயே காட்டிக் கொடுக்கப்படுகின்றான். இந்நிழலே ஓவியத்தின் உயிர்நிலை என்க.

செர்கிலும் பிறர் உருவை இரவல் பெற்றாரன்றோ எனின், அத்தடை ஒருபுடை ஏற்கத்தக்கதே. தீவில் வாழ்ந்த பெண்ணின் சொல் இவ்வோவியத்தும் கேட்கப்படவில்லை. எனினும், பார்க்கப்படுபவளின் இடத்திற் பிறளொருத்தியை நிறுத்தாது, வரைவோரே அவ்விடத்தில் நின்றமை புதுவழியாகும்.

ஆகவே, ஆடையின் அளவு கொண்டு இத்தகு ஓவியங்களை மதிப்பிடுதல் பொருந்தாது. மறைத்தலும் திறத்தலும் அல்ல, கூற்றுரிமையே அளவுகோல். பெண்ணுறுப்புகளை முறையே புனைந்துரைக்கும் நம் பாதாதிகேசப் பகுதிகளை ஆராய்வாரும் உவமையின் நயத்தோடு அமையாது, அங்கு வீழ்ந்துள்ள நிழல் யாருடையது எனவும் வினவுவாராக.