பட்டியலும் பாட்டும்

ஒரு காலத்து மக்கள் எப்பாடல்களை விரும்பிக் கேட்டனர் என்பதை அறிய அக்காலத்துத் தரவரிசைப் பட்டியல்களைப் பார்த்தலே போதும் எனப் பலர் கருதுவர். ஆயின் அவ்வாறு பார்ப்பார்க்கு இரண்டு வியப்புகள் எதிர்ப்படும். முதலிடம் எய்திய பாடல்களுட் சில இன்று பெயரளவிலும் அறியப்படவில்லை. இன்றும் பலர் வாயில் வழங்கும் பாடல்களுட் சில அப்பட்டியலில் இடமே பெறவில்லை. இம்முரண்பாட்டின் காரணம் யாது, மறக்கப்பட்ட பாடல்களை எவ்வாறு மதிப்பிடுதல் தகும் என்பவற்றை, 1990 முதல் 1999 வரை அமெரிக்காவில் பில்போர்டு இதழ் வெளியிட்ட ஹாட் 100 என்னும் பட்டியலைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இப்பட்டியல் 1958 ஆகஸ்டு மாதத்தில் தொடங்கியது. இசைத்தட்டு விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் ஒருங்கே கணக்கிட்டு, வாரந்தோறும் நூறு பாடல்களை இது வரிசைப்படுத்தியது. 1991 வரை அக்கணக்கு உண்மையான எண்ணிக்கையன்று. எவை மிகுதியாக விற்றன எனக் கடைக்காரர் சொல்லிய வரிசையும், எவற்றை மிகுதியாக ஒலிபரப்பினோம் என வானொலி நிலையத்தார் தந்த குறிப்புமே அதற்கு அடிப்படை. சொல்வார் விருப்பு வெறுப்பும், பதிவு நிறுவனத்தாரின் தூண்டுதலும் இதனுட் புகுதற்கு இடம் இருந்தது. ஒரு பாடல் ஏறியவுடன் அடுத்த பாடலுக்கு வழிவிடுதல் அந்நாளைய இயல்பு.

1991ஆம் ஆண்டின் முற்பகுதி இதற்குத் தக்க சான்று. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் டிம்மி டி பாடிய 'ஒன் மோர் டிரை' ஒரு வாரம் முதலிடத்தில் நின்றது. ஏப்ரலில் லண்டன்பீட் குழுவினரின் 'ஐவ் பீன் திங்கிங் அபவுட் யூ' என்பதும் ஒரே வாரம் அவ்விடம் பெற்றது. முன்னது பிரிந்த காதலியிடம் மற்றொரு வாய்ப்பை வேண்டுவான் ஒருவனது இரங்கற்பாட்டு. அதன் சொல்வளம் குறைவே. உவமையும் பெரிதாக இல்லை. எனினும், பெரிய நிறுவனத்தின் துணையின்றி வெளிவந்த எளிய பாடல் நாட்டின் முதலிடத்தை எய்தியது என்பது அக்கால நிலையை அறிவார்க்குப் பயன்படும் செய்தியாம். பின்னது நடனத்திற்குரிய தாளமும் பழைய பல்குரல் இசைமரபும் இயைந்தது. பாடலாக நோக்கின் இதுவே சிறந்தது. இரண்டையும் ஒரே நிரையில் வைத்து 'மறக்கப்பட்டவை' என ஒதுக்குதல் திறனாய்வு ஆகாது.

1991 நவம்பர் 30ஆம் நாளிட்ட பட்டியலில் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. அன்று முதல் கடையில் விற்கும் ஒவ்வோர் இசைத்தட்டின் குறியீட்டையும் கருவி படித்துத் தந்த எண்ணும், வானொலியில் ஒலித்த பாடலைக் கருவியே கண்டறிந்து தந்த எண்ணும் அடிப்படையாயின. அப்புதுமுறையில் முதலிடம் பெற்ற முதற்பாடல் பி.எம். டான் குழுவினரின் 'செட் அட்ரிஃப்ட் ஆன் மெமரி பிளிஸ்' என்பது. நியூ செர்சி மாநிலத்தைச் சேர்ந்த உடன்பிறந்தார் இருவர் அமைத்த இக்குழு, ஸ்பாண்டோ பாலே என்னும் ஆங்கிலக் குழுவினர் 1983இல் வெளியிட்ட 'ட்ரூ' என்ற பாடலின் இசைப்பகுதியை எடுத்து, அதன்மேல் தம் சொற்களை அமைத்தது. இதனைக் களவு எனக் கொள்வார் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. முன்னோர் மொழியைப் பொன்னெனப் போற்றி எடுத்தாளுதல் நம் இலக்கண நூலார்க்கும் உடன்பாடே. இங்கு எடுத்தாளுதல் பொருளோடும் இயைகின்றது. நினைவின் இன்பத்தில் மிதத்தலைப் பாடும் பாட்டு, கேட்பார் முன்னமே நினைவில் வைத்திருந்த இசையின்மீது மிதக்கின்றது. கருத்தும் வடிவும் இவ்வாறு ஒன்றிய பாடலைக் கணக்குமுறை மாறிய வாரத்தின் அடையாளமாக மட்டும் குறித்துச் செல்வது குறையாகும்.

கருவிக்கணக்கு வந்தபின் முதலிடத்துப் பாடல்கள் நெடுநாள் அசையாது நின்றன. 1958 முதல் 1991 வரை எப்பாடலும் ஹாட் 100இல் பத்து வாரத்திற்கு மேல் முதலிடத்தில் நின்றதில்லை. 1992இல் பாய்ஸ் டூ மென் குழுவினரின் 'எண்ட் ஆஃப் தி ரோடு' 13 வாரமும், அவ்வாண்டின் இறுதியில் ஏறிய விட்னி ஹூஸ்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' 14 வாரமும் நின்றன. 1995இல் ஏறிய 'ஒன் ஸ்வீட் டே' 16 வாரம் நின்றது. இதன் விளைவாக இரண்டாம் இடத்திலேயே தங்கிப்போன பாடல்கள் தோன்றின. ஹவர்டு பல்கலைக்கழக மாணவர் சேர்ந்து அமைத்த ஷாய் குழுவினரின் 'இஃப் ஐ எவர் ஃபால் இன் லவ்', விட்னியின் பாடலுக்குப் பின்னே எட்டு வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. முந்தைய ஆண்டுகளில் வெளிவந்திருப்பின் அது முதலிடம் பெற்றிருத்தல் கூடும்.

வேல்சு நாட்டுப் பாடகி டோனா லூயிசின் 'ஐ லவ் யூ ஆல்வேஸ் ஃபாரெவர்' என்பதும் இவ்வகையது. 1996இல் 'மக்கரேனா' என்னும் ஆடற்பாட்டு 14 வாரம் முதலிடத்தைப் பற்றி நிற்க, இது ஒன்பது வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. இலக்கிய மாணவர் இதனை நோக்குதற்குத் தனிக்காரணம் உண்டு. எச்.ஈ. பேட்ஸ் 1952இல் வெளியிட்ட 'லவ் ஃபார் லிடியா' என்னும் நாவல் இதற்குத் தூண்டுதலாயிற்று. நாவலில் காதலர் கூறும் உறுதிமொழி பிற்பகுதியில் கடுஞ்சோதனைக்கு உட்படுகின்றது. பிறர் மேல் மனம் செல்லுதலும் இறப்பும் அதன்கண் நிகழ்கின்றன. பாட்டோ உறுதிமொழியை மட்டும் கொண்டு, சோதனையை விட்டது. மென்குரலில் அது மீண்டும் மீண்டும் வரும்போது, கேட்பார்க்கு இன்பமே எஞ்சுகின்றது. இது பாட்டின் குறையன்று. நாவலுக்கும் பாட்டுக்கும் உள்ள எல்லை வேறுபாடு. ஒரு பெருங்கதையின் ஒரு நொடியைப் பிரித்தெடுத்து, முன்பின் கூறாது நிறுத்துதல் பாட்டின் தொழில்.

இனி, பட்டியலுக்கு வெளியே நின்ற பாடல்களை நோக்குவோம். தனிப்பாடலாக விற்கப்படாத எதுவும் ஹாட் 100இல் இடம் பெறலாகாது என்பது விதி. மக்கள் முழுத்தொகுப்பையே வாங்க வேண்டும் என்னும் நோக்கத்தால் நிறுவனத்தார் பல பாடல்களைத் தனியே விற்காது விடுத்தனர். நோ டவுட் குழுவினரின் 'டோன்ட் ஸ்பீக்' வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தும் ஹாட் 100இல் ஒருநாளும் இடம்பெறவில்லை. 1998 டிசம்பர் 5ஆம் நாளிட்ட பட்டியல் முதற்கொண்டு இவ்விதி நீக்கப்பட்டது. வானொலிப் பட்டியலில் 18 வாரம் முதலிடத்தில் நின்ற 'ஐரிஸ்', அதன் பின்னரே ஹாட் 100இல் நுழைந்து, தன் பெருவழக்குக் கழிந்த நிலையிலும் ஒன்பதாம் இடம் வரை சென்றது. ஆகவே, இப்பட்டியலை மட்டும் கொண்டு அப்பத்தாண்டின் பாடல் வரலாற்றை எழுதுவார், மக்கள் உண்மையில் கேட்ட பாடல்களுள் ஒரு பெரும்பகுதியை விட்டு எழுதுவாராவர்.

'காலமே தக்க நடுவர், நல்லது நிற்கும், அல்லது அழியும், ஆராய்வது எற்றுக்கு?' என வினவுவார் இருக்கலாம். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் காலம் தானே தேர்வதில்லை. பழம்பாடல்களை மீண்டும் ஒலிக்கச் செய்யும் வானொலியும், திரைப்படமும், மறுபதிப்பும் தேர்கின்றன. அவை ஒரு சில பாடல்களையே திரும்பத் திரும்பத் தருவன. கேட்கப்படாத பாட்டு நினைக்கப்படாது. நினைக்கப்படாத பாட்டு தீது என்று எண்ணப்படும். இவ்வட்டத்தை உடைத்தல் திறனாய்வாளர் கடமை.

ஒரே பாட்டால் அறியப்பட்டவரை அமெரிக்கர் ஒருவகை ஏளனத்தோடு சுட்டுவது உண்டு. தமிழ் மரபு அவ்வாறு கருதியதில்லை. தொகைநூல்களுள் ஒரே பாட்டால் மட்டும் நமக்குத் தெரிந்த புலவர் பலர். குறுந்தொகையில், இயற்பெயர் அறியப்படாத ஒருவர் தம் பாட்டின் உவமைத் தொடராலேயே செம்புலப் பெயனீரார் எனப் போற்றப்படுகின்றார். ஒரு பாட்டு நன்றாயின் அதுவே போதும் என்பது தொகுத்தோர் துணிபு. அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின் பி.எம். டானும் டோனா லூயிசும் ஏளனத்திற்கு உரியரல்லர்.

ஆதலின் அப்பத்தாண்டின் பாடல்களை ஆராய்வார் மூன்றனை முதற்கண் குறித்தல் வேண்டும்: பாடல் வெளிவந்த நாள், அந்நாளில் வழங்கிய கணக்குமுறை, அது தனியே விற்கப்பட்டதா என்பது. இவற்றை அறிந்தபின் பட்டியலை மூடிவைத்துப் பாட்டைக் கேட்க வேண்டும். ஒரு பாட்டு எத்துணைப் பேரைச் சென்றடைந்தது என்பதில் ஒரு பகுதியைப் பட்டியல் கூறும். சென்றடைந்தபின் அவர் உள்ளத்தில் யாது செய்தது என்பதைப் பாட்டே கூறும்.