கீழணைக்கு ஃபெல்ட், கிள்ளைக்கு?

தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் கொள்ளிடத்துக் கீழணையில் இறங்கினேன். மதகுகளுக்குக் கீழே கருங்கல்லில் படிந்திருக்கும் பாசி, வெண்டைக்காய்ச் சாற்றைத் தடவிவிட்டாற்போல் வழுக்கும். போன வருஷம் ரப்பர் செருப்போடு அங்கே விழுந்து பத்து நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். இந்த முறை காலில், இழைகளை அழுத்திச் செய்த ஃபெல்ட் துணியை அடியில் வைத்த ஆற்று பூட்ஸ். அதே கல், அதே பாசி. முழங்கால் அளவு ஓட்டத்தில் நின்று தூண்டில் வீசினேன், கால் அசையவில்லை.

ரப்பர் பாசியின் மேலேயே நின்றுவிடுகிறது. ஃபெல்ட்டின் இழைகள் அந்த வழுக்குப் படலத்துக்குள் புகுந்து கல்லையே பிடிக்கின்றன. ஜப்பானில் ஆயு மீன் பிடிப்பவர்கள் இந்த அடியைத்தான் நம்பி ஆற்றில் இறங்குகிறார்கள்.

ஆனால் நம்ம ஊர் ஆறு கல்லோடு முடிகிறதா? கிழக்கே வர வர மணல், அப்புறம் சேறு. மூன்றாவது வாரம் மடவைக்காகப் பரங்கிப்பேட்டை போனேன். வெள்ளாற்று முகத்துவாரத்தில் களிமண் சரிவு. முதல் அடியிலேயே இரண்டு காலும் முன்னால் போய்விட்டன. இந்த அடியில் சேற்றைக் கவ்வப் பல் கிடையாது, வெறும் தட்டை. இழைக்குள் களி அப்பிவிட்டால் காலில் கட்டியிருப்பது சோப்புக்கட்டிதான். ஆறு வாரத்தில் மூன்று முறை விழுந்தேன், மூன்றும் சேற்றில்.

அடுத்தது ஈரம். தைப் பனியில் இது முழுக்கக் காய நான்கு நாள் ஆகிறது. அவசரப்பட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். குதிகால் பக்கம் பசை விட்டுக்கொண்டது. காயாத ஃபெல்ட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓர் ஆற்றின் பாசி அதில் உயிரோடு ஒளிந்து அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். டிடிமோ என்ற பாசி ஆறு ஆறாகப் பரவியதால் நியூசிலாந்து 2008-இல் ஃபெல்ட் அடியையே தடை செய்தது. கொள்ளிடத்தில் நனைந்ததை அப்படியே வெள்ளாற்றில் முக்க எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

சேற்றில் இறங்குவது நான் மட்டுமல்ல. கிள்ளைப் பக்கம் பிச்சாவரத்து ஓடைகளில் இருளர் பெண்கள் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்து, கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். அலையாத்தி வேரில் ஒட்டிய சிப்பி பிளேடு மாதிரி கிழிக்கும். அவர்கள் இறங்குவது வெறுங்காலோடு. சேற்றில் உருவிக்கொள்ளாத, சிப்பி அறுக்காத, சில நூறு ரூபாயில் கிடைக்கிற ஓர் அடியைக் கடலூர், சிதம்பரம் கடைகளில் தேடினேன். கிடைக்கவில்லை. அப்படி ஓர் அடி முதலில் போய்ச் சேர வேண்டிய கால்கள் அந்தப் பெண்களுடையவைதான்.

கல்லில் மீன் பிடிப்பவர்கள் தயங்காமல் ஃபெல்ட் வாங்கலாம். சேற்றுக்கு நான் இப்போது போடுவது, அடியில் குமிழ் வைத்த சாதாரண கால்பந்து ஷூ. கயிற்றைக் கணுக்கால் வரை இறுக்கிக் கட்டினால் களியை அது நன்றாகவே கவ்வுகிறது. முழங்கால் புதைகிற இடத்தில் மட்டும் அதுவும் உதவாது. அங்கே மூங்கில் கழியை ஊன்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன்.